ஜாமில் நிற்கும் கார் எத்தனை வாட் தாங்கும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கவில்லை. அக்காள் மகன்தான். கண்ணாடியை இறக்கி, "மாமா, இத கொஞ்சம் கேளுங்களேன்" என்றான். உறுமி மேளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தவில் அடியெல்லாம் சரியாகத்தான் விழுந்தது. உறுமி நீட்டி முனகும் இடம் வந்ததும் வூஃபர், அதாவது பேஸ் ஸ்பீக்கர், பட்டென்று ஊமையானது. இரண்டு வினாடி கழித்து மறுபடி உயிர் வந்தது. பூட்டைத் திறந்து பார்த்தால், ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பவர் அம்ப்பின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மின்னி அணைந்துகொண்டிருந்தது.

"கடையில கேட்டேன் மாமா. காடியில கரண்டு பத்தலையாம். பெரிய ஆல்டர்னேட்டர் மாத்து, இல்லாட்டி பின்னாடி இன்னொரு பேட்டரி போடுன்னு சொல்றாங்க. ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஆகுமாம்."

அந்தக் காசுக்கு அதே அம்ப்பை மூன்று வாங்கலாம். கடைக்காரர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். சில கார்களுக்கு அது உண்மை. ஆனால் அளந்து பார்க்காமல் சொன்ன உண்மை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிக்கொண்டே, காரில் ஓடும் கரண்டை மட்டும் குத்துமதிப்பாகப் பேசுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அம்ப்புக்குக் கரண்டு கொடுப்பது பேட்டரி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது அப்படியில்லை. அப்போது ஏர்கோனிலிருந்து அம்ப் வரை எல்லாவற்றுக்கும் சோறு போடுவது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் பெல்ட் சுற்றிவிட மின்சாரம் தயாரிக்கும் கருவி. பேட்டரியின் முதல் வேலை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிடுவது. இரண்டாவது வேலை, ஆல்டர்னேட்டர் தடுமாறும் கணத்தில் கைகொடுப்பது. குடும்பக் கணக்கில் சொன்னால் ஆல்டர்னேட்டர் மாதச் சம்பளம், பேட்டரி சேமிப்பு. சேமிப்பிலிருந்து எடுத்தால் திரும்பச் சம்பளத்திலிருந்துதான் போட்டாக வேண்டும்.

எது கொடுக்கிறது என்பதை வோல்ட்டேஜே சொல்லிவிடும். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த காரின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இன்ஜின் ஓடினால் 13.8 முதல் 14.4 வரை ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் காரில் அது 13க்குக் கீழே நழுவி 12.6ஐ நோக்கி இறங்கினால், சம்பளம் தீர்ந்து சேமிப்பில் கை வைத்தாயிற்று என்று பொருள்.

இனி ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு வருவோம். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பொதுவாக 60 முதல் 80 ஆம்பியர் வரை போட்டிருக்கும். 70 என்று வைத்துக்கொள்வோம். அந்த 70 எப்போது கிடைக்கும்? ஆல்டர்னேட்டரின் அச்சு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் 800 சுற்றில் ஐடலில் நிற்கையில், பெல்ட் இரண்டரை மடங்கு வேகம் கூட்டினாலும் அச்சுக்குக் கிடைப்பது 2,000 சுற்றுதான். அந்த வேகத்தில் எழுபதில் பாதியை ஒட்டித்தான் வெளியே வரும்.

அதிலும் சூடு பங்கு கேட்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். பானட்டுக்குள் ஆல்டர்னேட்டரின் சுருள் நூறு டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடை கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் ஏறிவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் அளந்த ஆம்பியர், மத்தியானம் மூன்று மணிக்கு ஜாலான் ஈப்போவில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இருக்காது.

ஆல்டர்னேட்டருக்கு முன்பு கார்களில் இருந்த பழைய டைனமோவோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய முன்னேற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். டைனமோ ஐடலில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஹெட்லைட் மங்குவதை அந்தக் காலத்து ஓட்டுநர்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். 1960ஆம் ஆண்டு மாடல் வேலியண்ட் காரில் கிரைஸ்லர் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்றபின், மற்றவர்களும் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள்.

சரி, வரவு ஜாமில் 35 முதல் 40 ஆம்பியர். செலவு என்ன? ஏர்கோன் காற்றாடி உச்சத்தில் 10 முதல் 15. கம்ப்ரஸர் கிளட்ச் 3 அல்லது 4. ரேடியேட்டர் ஃபேன் 10 அளவில். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து இன்னொரு பத்து. பகலில் இதுவே முப்பதைத் தாண்டும். மாலை ஆறு மணிக்கு மழை கொட்டினால் ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் 8 அல்லது 9, வைப்பர் 4, பின் கண்ணாடிப் பனி நீக்கி 10 என்று கூடும். எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள காரில் வண்டியை மடக்கித் திருப்பும் கணத்தில் பல பத்து ஆம்பியர் சட்டென்று இழுபடும். இன்ஜின் கம்ப்யூட்டர் இதைக் கவனித்து ஐடலை நூறு, இருநூறு சுற்று உயர்த்திச் சமாளிக்கும். அதனால்தான் கம்பெனி கொடுத்த நிலையில் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இருக்காது.

வெளிநாட்டு ஆலோசனைகளை அப்படியே இங்கே எடுத்துப் போடும்போது தப்புவது இந்த இடத்தில்தான். குளிர் நாட்டில் ஏர்கோன் இல்லாமல் நெடுஞ்சாலையில் பாட்டுக் கேட்பவனின் ஆல்டர்னேட்டரும், பத்துமலைப் பக்கம் எம்.ஆர்.ஆர்.2 சுற்றுச்சாலையில் முக்கால் மணி நேரம் நிற்பவனின் ஆல்டர்னேட்டரும் ஒரே எண்ணைத் தாங்கியிருக்கலாம். மிச்சம் ஒன்றல்ல. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தஞ்சோங் மாலிம் பக்கம் 110இல் போகும்போது நம் கணக்கிலும் 25 ஆம்பியர் வரை மிஞ்சும். கோலாலம்பூரில் அம்ப் போடுபவன் கணக்குப் பார்க்க வேண்டியது அந்த வேகத்தை வைத்தல்ல, ஜாமை வைத்து.

இப்போது அம்ப்பின் பக்கம். பெட்டியில் 1,500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்புவதற்கு முன் அம்ப்பின் உடம்பிலேயே செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 30ஐ 13.8 வோல்ட்டால் பெருக்க 414 வாட். அம்ப்புக்கு உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் டி வகை அதில் எண்பது சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும், 330 வாட். பழைய கிளாஸ் ஏபி வகை பாதிக்குச் சற்று மேலே, 230 வாட் தரும். மற்றது சூடாகப் போய்விடும். மிச்ச 1,200 வாட் எங்கே என்று கேட்டால், அது பெட்டியில் இருக்கிறது.

நேர்மையான எண் வேண்டுமென்றால், பெட்டியில் சி.இ.ஏ. 2006 (இப்போதைய பெயர் சி.டி.ஏ. 2006) என்ற தரக் குறி உண்டா என்று பார்க்கலாம். 2006 அதன் வரிசை எண், ஆண்டு அல்ல, வந்தது 2003இல். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், இரைச்சலும் சிதைவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த ஆர்.எம்.எஸ். வாட்டை, அதாவது அம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்டைத்தான் அதன்படி போட வேண்டும்.

என் அக்காள் மகனின் அம்ப் 400 வாட் ஆர்.எம்.எஸ்., கிளாஸ் டி. முழுச் சக்தியில் உள்ளே 500 வாட் போக வேண்டும், அதாவது 36 ஆம்பியர். ஐடலில் வரவே 35, 40 என்ற காருக்கு இது தாங்காது என்றுதான் முதல் பார்வையில் தோன்றும். ஆனால் பாட்டு என்பது இடைவிடாத ஒரே சத்தம் அல்ல. அடி விழும், அடங்கும், மறுபடி விழும். வால்யூமை உச்சத்துக்குக் கொண்டுபோனாலும், சிதையாமல் ஓடும் வரை சராசரி இழுவை முழு அளவில் எட்டில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான். 36 என்பது நடைமுறையில் 5 முதல் 12 ஆம்பியராகச் சுருங்கிவிடுகிறது. நடுவில் வரும் உச்சங்களைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும்.

எல்லாப் பாட்டும் அப்படியல்ல என்பதுதான் சிக்கல். தவில் அடி சட்டென்று விழுந்து சட்டென்று மறையும். உறுமியின் இழுப்பு நீளும். இன்றைய மிக்ஸில் அதன் அடியில் ஒரு சிந்தசைசர் பேஸையும் சேர்த்து விடுகிறார்கள், ஆக ஒரு முழு வரிக்கு அம்ப்புக்கு மூச்சுவிட நேரமில்லை. வூஃபர் ஏன் தவிலுக்கு நிமிர்ந்து நின்று உறுமிக்கு மண்டியிட்டது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. ரேடியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு அம்ப்பைப் பொருத்தும் கெய்ன் திருகாணியை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அலையின் தலை வெட்டுப்பட்டு சராசரி இழுவை பாதியைத் தாண்டிப் போகும். காதுக்குச் சத்தம் கூடியதுபோலத் தோன்றும். கூடுவது பெரும்பாலும் கரகரப்புதான்.

வோல்ட்டேஜ் இறங்கினால் சத்தம் எவ்வளவு குறையும் என்பதைப் பற்றியும் நிறைய மிகைப்பேச்சு உண்டு. சாதாரண அம்ப்பில் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகும். 14.4 என்பது 12 ஆனால் முப்பது சதவீத வாட் போய்விடும். கேட்க பயமாக இருக்கும், ஆனால் டெசிபல் கணக்கில் அது 1.6 மட்டுமே. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் பிடிபடும். வாட்டை இரட்டித்தால் கூடுவதே 3 டெசிபல்தான். அதே 3 டெசிபலை, திறன் கூடிய வூஃபரையோ சரியாக அடித்த பெட்டியையோ வைத்து ஒரு ஆம்பியர் கூடுதல் இல்லாமல் வாங்கிவிடலாம். ஆல்டர்னேட்டர் மாற்றப் போகும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது பெட்டி யார் அடித்தது என்பதைத்தான். ஒலிப்பெட்டி நல்ல தச்சு வேலை, அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில அம்ப்களில் உள்ளேயே வோல்ட்டேஜைச் சீராக்கும் சுற்று இருக்கும். வெளி வோல்ட்டேஜ் இறங்கினாலும் அவை சத்தத்தை விட்டுக்கொடுக்காது. பதிலுக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்த இழுவையால் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கும். கடன் வாங்கிக் கடன் கட்டும் கதை.

இதெல்லாம் கேட்ட பிறகு, "கெப்பாசிட்டர் போட்டா சரியாயிடும்லா மாமா?" என்று கேட்டான். நீல விளக்கும் டிஜிட்டல் எண்ணுமாக, பூட்டில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12.5க்கு இறங்குவதற்குள் தரும் ஆற்றல் ஏறத்தாழ 20 ஜூல். அம்ப் உள்ளே 500 வாட் இழுத்தால் அது ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குப் போதும். உறுமியின் ஒரு இழுப்புக்குக்கூடக் காணாது. பக்கத்திலேயே இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் பதினைந்து லட்சம் ஜூல் கிடக்கிறது. ஹெட்லைட் மினுக்குவது கொஞ்சம் மட்டுப்படலாம். வரவு ஒரு காசு கூடாது.

பேசியது போதும் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். ஐம்பது ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போனில் ஓடவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, நேர் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினோம். வாங்கும்போது இதைப் பார்த்து வாங்க வேண்டும், வீட்டுக் கரண்டை மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் காருக்கு உதவாது. அம்ப் இழுத்தது 30 ஆம்பியர். பேட்டரி முனையில் 13.6 வோல்ட். அம்ப்பின் முனையில் 10.8.

கடை சொன்ன காரணம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. பேட்டரியில் 13.6 இருக்கிறதென்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. நடுவில் 2.8 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். பேட்டரி முனையும் சேர்ந்து இறங்கியிருந்தால் வரவில் குறை. பேட்டரி நிமிர்ந்து நிற்க அம்ப் மட்டும் படுத்தால், வயரில் குறை. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை அம்ப் பாசிட்டிவிலும் வைத்தோம். 1 வோல்ட். வயரின் தோல் தடிமன், பார்த்தால் விரல் பருமன். வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு சதுர மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கம்பி, அதுவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதே பருமனுள்ள சுத்தச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். தோலில் என்னவோ 4 கேஜ் என்று அச்சடித்திருந்தது. உண்மையான 4 கேஜ் செம்புக் கம்பி 21 சதுர மில்லிமீட்டர்.

மிச்சம் 1.8 வோல்ட் எர்த் பக்கம் போயிருந்தது. பூட்டின் தரையில் ஏற்கெனவே இருந்த சின்ன ஸ்க்ரூ ஒன்றில், பெயின்ட்டைச் சுரண்டாமலேயே எர்த் வயரை முறுக்கிவிட்டிருந்தார்கள். 1.8 வோல்ட்டை 30 ஆம்பியரால் பெருக்குங்கள், 54 வாட். ஒரு சாலிடரிங் அயர்ன் அளவு சூடு அந்த ஸ்க்ரூவின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்த அக்காள் மகன் கையை உதறிக்கொண்டான். மேலே கார்பெட்.

அன்று அம்ப்பின் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அவனை அனுப்பினேன். அடுத்த வாரம் ஐந்து மீட்டர் சுத்தச் செம்பு 4 கேஜ் வாங்கி வந்தான். எர்த்துக்கு அரை மீட்டருக்குள் தடித்த தகடு தேடி, பெயின்ட்டை வெள்ளி மின்னும் வரை சுரண்டி, போல்ட்டு நட்டு போட்டு இறுக்கி, மேலே துருவைத் தடுக்க கிரீஸ் பூசினோம். சீட் பெல்ட் போல்ட்டு கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். அதைத் தொடக் கூடாது, அது உயிர் காக்க இருப்பது. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். அது அம்ப்பைக் காப்பதற்கல்ல. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் வயர் உரசித் தோல் கிழிந்தால் பேட்டரியின் முழு வலுவும் அந்தக் கம்பியில் பாயும். அதைத் தீப்பிடிக்காமல் நிறுத்தத்தான் அந்த ஃபியூஸ். ஓட்டையில் ரப்பர் வளையமும் போட்டோம். மறுபடி அளந்தபோது அம்ப்பின் முனையில் 13.3 வோல்ட். உறுமி முழுசாக முனகியது. எதிர் வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

கம்பெனி கொடுத்த நிலையிலேயே ஒரு சின்ன காரில் எவ்வளவு போடலாம் என்று என்னைக் கேட்டால், நல்ல வயரும் நேர்மையான கெய்னும் இருக்கும்பட்சத்தில் கிளாஸ் டி 400, 500 வாட் ஆர்.எம்.எஸ். வரை துணிந்து போடலாம் என்பேன். அதற்கு மேல் 800 வரை போகிறவர்கள், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் மூன்று வயர்களுக்கும் இணையாகத் தடித்த வயர் போட வேண்டும். ஆயிரத்தைத் தொட்டால் ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேசுவது நியாயம். இரண்டாவது பேட்டரி மட்டும் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. சம்பளம் கூடாமல் இன்னொரு வங்கிக் கணக்கு திறந்து என்ன பயன்? இரண்டையும் நிரப்ப வேண்டியது அதே 70 ஆம்பியர்தான். இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு மட்டும் அது உதவும். டெம்ப்ளர் பார்க் அருவிக்குப் போய் கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போடும் கூட்டத்துக்குத் தெரியும்: 35 ஆம்பியர் மணி பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் காலி, பிறகு ஸ்டார்ட்டர் 'டிக், டிக்' என்று மட்டும் சொல்லும். பேட்டரி கோங்.

புது கார் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த, பல கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை அடக்கி வைக்கிறது. சீராக ஓடும்போது 12.8 வோல்ட்டும் பிரேக் பிடிக்கும்போது 14க்கு மேலும் காட்டினால் பதற வேண்டாம், அது கோளாறல்ல. அந்தக் கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனையில் ஒரு கரண்ட் சென்சார் உட்கார்ந்திருக்கும். அம்ப்பின் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் அம்ப் இழுப்பது சென்சாரின் கணக்கில் வராது, பேட்டரி நிரம்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். எர்த் பாடியில்தான் கட்ட வேண்டும். நிற்கும்போது இன்ஜின் தானாக அணையும் கார் என்றால், அதற்கென்று வரும் வலுவான பேட்டரியையே போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் ஆண்டு முடிவதற்குள் திரும்பக் கடைக்குப் போக நேரும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்றை அக்காள் மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் மழை நாளில் எம்.ஆர்.ஆர்.2இலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அவன் தங்கச்சி எடுத்தது. வைப்பருக்குப் பின்னால் சிவப்பு சிவப்பாக பிரேக் லைட் வரிசை, முன்னால் மீட்டரில் 12.4. நான் பதில் எழுதுவதற்குள் இரண்டாவது படம், அதில் 13.2.

"அண்ணன்கிட்ட வூஃபர அடைக்கச் சொல்லிட்டேன் மாமா" என்று கீழே எழுதியிருந்தாள். "இப்ப ரேடியோ மட்டும்தான். எனக்கும் நிம்மதி."